ஸ்டெபான் ஸ்வைக்: உள்ளமும் வரலாறும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மன் மொழியில் எழுதியோருள் உலகெங்கும் மிகுதியாகப் படிக்கப்பெற்றவர் ஸ்டெபான் ஸ்வைக். சிறுகதை, நாடகம், வாழ்க்கை வரலாறு, திறனாய்வு எனப் பல துறைகளிலும் எழுதிய அவர், மனித உள்ளத்தின் மறைவிடங்களைக் காண்பதையே தம் எழுத்தின் நோக்கமாகக் கொண்டார். உலகில் பகை மூண்டெழும்போது எப்பக்கமும் சாராது ஒதுங்கி நிற்பவன் குற்றமற்றவன் ஆவானா என்னும் வினா அவர் படைப்புகளில் மீண்டும் மீண்டும் எழுகின்றது. இந்திய மண்ணைக் களமாகக் கொண்ட கதையொன்றில் அவர் எழுப்பிய அவ்வினாவே, பின்னாளில் அவர்தம் வாழ்வின் வினாவாகவும் அமைந்தது.

தோற்றமும் இளமையும்

ஸ்வைக் 1881ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் வியன்னா நகரில் செல்வம் மிக்க யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மோரிட்ஸ் நெசவுத் தொழிற்சாலை உரிமையாளர். தாய் ஈடா வங்கித் தொழில் புரிந்த குடும்பத்தில் பிறந்தவர். தமையன் ஆல்பிரட் குடும்பத் தொழிலை ஏற்றுக்கொண்டமையால் இளையவர் இலக்கியத்தில் தடையின்றி ஈடுபட முடிந்தது. 1901இல், பத்தொன்பது வயதில், முதற் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 1904இல் பிரெஞ்சு அறிஞர் தெய்ன் குறித்து ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

அவருடைய தொடக்ககால எழுத்தை ஏற்று வெளியிட்டவர், வியன்னா நாளிதழ் ஒன்றின் இலக்கியப் பகுதி ஆசிரியராக விளங்கிய தியோடர் ஹெர்சல். யூதர்க்குத் தனிநாடு வேண்டும் என்னும் இயக்கத்தை உருவாக்கிய தலைவர் அவரே. ஸ்வைக் அவரைப் போற்றினாரேனும் அவ்வியக்கத்தில் சேர்ந்தாரல்லர். நாட்டெல்லைகளைக் கடந்த ஐரோப்பியப் பண்பாட்டின் குடிமகனாகவே அவர் தம்மைக் கருதினார்.

இந்தியப் பயணமும் விராடன் கதையும்

1908ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்வைக் கீழை நாடுகளுக்குப் புறப்பட்டார். இலங்கை, குவாலியர், காசி, கல்கத்தா, இரங்கூன் ஆகிய இடங்களைக் கண்டார். கோயில்களின் சிறப்பினும் மக்களின் வறுமையும், சாதி இன வேறுபாடுகளின் இறுக்கமும் அவர் நெஞ்சைப் பெரிதும் வருத்தின. வெள்ளையர் என்பதனாலேயே தமக்குக் கிடைத்த தனி மதிப்பு அவரை நாணச் செய்தது.

இந்தியாவைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய ‘என்றும் அழியா உடன்பிறப்பின் கண்கள்’ என்னும் கதை 1922இல் வெளிவந்தது. விராடன் என்னும் வீரன் இரவுப் போரில் தன் உடன்பிறந்தானையே அறியாது கொன்றுவிடுகின்றான். இறந்தவனின் விழித்த கண்கள் அவனை விடாது தொடர்கின்றன. வாளைத் துறந்து நீதிபதியாகின்றான். நிலவறைச் சிறைக்குத் தான் அனுப்பிய ஒருவனின் கண்களிலும் அதே பார்வையைக் கண்டு, அத்துன்பத்தைத் தானே அறிய அவ்விருளில் புகுகின்றான். தவறான தீர்ப்பினை உணர்ந்த கணமே உயிர்விட்ட பாண்டியன் நெடுஞ்செழியனை அறிந்த தமிழர்க்கு இவ்வுள்ளம் அயலானதன்று.

எனினும், கதை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. அனைத்தையும் துறந்து காட்டில் தவம் புரியும் விராடனைப் பின்பற்றி வேறொருவனும் இல்லம் துறக்க, அவன் மக்கள் பசியால் மாய்கின்றனர். செயலினின்று விலகுவதும் ஒரு செயலே. அதற்கும் பொறுப்பு உண்டு என்பதை விராடன் அப்போதுதான் உணர்கின்றான். இறுதியில் அரசனின் நாய்களைப் பேணும் எளிய பணியேற்று, எவராலும் நினைக்கப்படாமல் மறைகின்றான்.

உள்ளத்தின் ஆய்வு

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் ஸ்வைக்கும் நாட்டுணர்ச்சிக்கு ஆட்பட்டார். போர் ஆவணக் காப்பகத்தில் பணிபுரிந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தின் நட்பு அவரை அமைதியின் பக்கம் நிலைநிறுத்தியது. 1917இல் வெளிவந்த ‘எரேமியா’ நாடகத்தில், போர் அழிவை முன்னுரைத்ததனால் தம் மக்களாலேயே வெறுக்கப்பட்ட யூத இறைவாக்கினரைத் தலைவராக்கினார். எருசலேம் வீழ்கின்றது, மக்கள் நாடு கடத்தப்படுகின்றனர், ஆயினும் அவர்தம் ஆன்ம உறுதி வீழ்வதில்லை. தோற்றவரின் பெருமையைப் பாடும் இப்போக்கு, யூத மரபினின்று அவர் பெற்ற செல்வம் எனலாம்.

போருக்குப்பின் சால்ஸ்பர்க் நகரில் குடியேறி, 1920இல் பிரிடெரிக்கவை மணந்தார். உளவியல் அறிஞர் பிராய்டுடன் அவர் கொண்ட நட்பு நெடியது. ஹோல்டர்லின், கிளைஸ்ட், நீட்சே ஆகியோரைப் பற்றிய 1925ஆம் ஆண்டு நூலைப் பிராய்டுக்கே உரிமையாக்கினார். ‘அறியாப் பெண்ணொருத்தியின் கடிதம்’ போன்ற கதைகளில், வெளியே சொல்லப்படாத விழைவு ஒருவர் வாழ்வையே ஆட்கொள்வதைக் காட்டினார். பூஷே, மரீ அந்துவானெத் முதலியோர் வாழ்க்கை வரலாறுகளிலும் அரசியல் நிகழ்ச்சிகளை உள்ளத்தின் இயல்பு கொண்டே விளக்கினார்.

சோதனைக் காலம்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அவர் நூல்கள் பொதுவிடங்களில் எரிக்கப்பட்டன. 1934 பிப்ரவரியில் காவலர் அவரது இல்லத்தைச் சோதனையிட்டனர். அவர் இலண்டனுக்குப் பெயர்ந்தார். அவ்வாண்டு வெளிவந்த ‘எராஸ்மஸ்’ நூல், இருபுறமும் சமய வெறி சூழ்ந்தபோது நடுவில் நின்ற அறிஞரின் பெருமையையும் வலிமையின்மையையும் ஒருசேரக் காட்டுகின்றது. அதில் ஸ்வைக் தம்மையே வரைந்தார் என்பது மிகையன்று.

நாடிழந்த எழுத்தாளர் பலர் அவர் வெளிப்படையாகக் கண்டனக் குரல் எழுப்ப வேண்டுமென எதிர்பார்த்தனர், அவர் தயங்கினார். வறுமையுற்ற யோசப் ரோத் போன்றோர்க்குப் பொருளுதவி புரிந்தாரேனும், அம்மௌனம் அவர்மீது நீங்காப் பழியாயிற்று. ஹன்னா அரெண்ட் பின்னாளில் இதனைக் கடுமையாகச் சாடினார்.

‘புதைக்கப்பட்ட விளக்கு’ என்னும் அவரது யூதப் புனைகதை இக்காலத்தது. எருசலேம் திருக்கோயிலின் ஏழுகிளை விளக்கு உரோமையினின்று வாண்டல் இனத்தாரால் கவரப்பட்டு, நாடு நாடாய் அலைந்து, முடிவில் எவரும் அறியா இடத்தில் புதைக்கப்படுகின்றது. போர்க்காலத்தில் காஞ்சி வரதராசரின் திருமேனி உடையார்பாளையத்தில் காக்கப்பெற்று 1710இல் மீண்ட வரலாற்றை அறிந்த நம்மவர், அவ்விளக்கின் அலைவையும் மறைவையும் எளிதில் உணர்வர்.

1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. பொது இருக்கைகளில் யூதர் அமரலாகாது என்னும் ஆணையால், தளர்ந்த நடையினரான அவருடைய முதிய அன்னை வழியில் இளைப்பாறவும் இயலாதவரானார், அவ்வாண்டே மறைந்தார். 1939 செப்டம்பரில் பிராய்டு இறந்தபோது இலண்டனில் இரங்கலுரை ஆற்றியவர் ஸ்வைக்.

அவ்வாண்டில் இரண்டாம் மனைவியாக லோட்டெயை மணந்த அவர், அடுத்த ஆண்டு கடல்கடந்து நியூயார்க்குக்கும் பிரேசிலுக்கும் சென்றார். தம் தலைமுறையின் கதையாகிய ‘நேற்றைய உலகம்’, தனிச்சிறையில் ஒருவன் தன்னோடு தானே சதுரங்கமாடி மனம் பிளவுறும் ‘சதுரங்கக் கதை’ ஆகியவற்றை எழுதி முடித்தார். 1942 பிப்ரவரியில், அறுபதாம் வயதில், பெட்ரோபொலிஸ் நகரில் மனைவியுடன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

நிறைவுரை

ஒதுங்கி நிற்பதும் ஒரு செயலே என்பதை விராடனுக்கு உணர்த்தியவர் ஸ்வைக். அவ்வுண்மையைத் தம் வாழ்வில் முற்றும் கடைப்பிடிக்க அவரால் இயலவில்லை. இது குறையே. ஆயினும் அக்குறையை அளக்கும் கோலையும் நம் கையில் தந்து சென்றவர் அவரே. எரிக்கப்பட்ட நூல்கள் இன்று மீண்டும் பல மொழிகளில் படிக்கப்படுகின்றன. விராடனைத் தொடர்ந்த கண்கள் அவற்றைப் படிப்போரையும் நோக்கிக்கொண்டிருக்கின்றன.