ஒவ்வாமையின் இயல்பு கண்ட பிர்க்கே

நஞ்சு உடலை வருத்துதல் இயல்பு. நோய் தீர்க்கும் மருந்தே வருத்துமாயின், அதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை தேடியவர் கிளெமென்சு பிர்க்கே என்னும் குழந்தை மருத்துவர்.

அவர் 1874ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரின் அருகே பிறந்தார். முதலில் சமய நூலும் மெய்ப்பொருள் நூலும் பயின்றார். பின்னர் மருத்துவம் கற்று 1900இல் பட்டம் பெற்றார். வியன்னாவில் குழந்தைகள் மருத்துவமனையில் பணி ஏற்றார்.

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைக் குருதியினின்று எடுத்த சீரத்தை ஊசிவழிச் செலுத்துவர். அதனால் குழந்தைகள் சிலர்க்குச் சின்னாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் தோன்றின. மறுமுறை செலுத்தியபோதோ அவை விரைந்து வந்தன. பிர்க்கேயும் உடன் பணியாற்றிய பேலா ஷிக்கும் இதனை நுணுகி ஆராய்ந்து 1905இல் நூலாக வெளியிட்டனர். ஒரு பொருளை முன்னர் ஏற்ற உடல், மீண்டும் அதனை எதிர்கொள்ளும் தன்மையில் மாறிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. அம்மாற்றத்துக்குப் பிர்க்கே 1906இல் 'அலர்ஜி' என்று பெயரிட்டார். அதனையே நாம் ஒவ்வாமை என்கிறோம்.

பிர்க்கே 1929இல் மறைந்தார். எனினும், அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. வீட்டுத் தூசியால் சிலர்க்கு இளைப்பு வருவது ஏன் என்பதை நெதர்லாந்து நாட்டு லைடன் நகர அறிஞர்கள் ஆராய்ந்தனர். தூசியில் வாழும் உண்ணியே அதற்குக் காரணம் என்பதை 1964 முதல் அவர்கள் எடுத்துக்காட்டினர். கண்ணுக்குப் புலனாகாத அவ்வுண்ணி, நம் உடலினின்று உதிரும் தோல் துகளை உண்டு, மெத்தையிலும் தலையணையிலும் பெருகும். அதன் கழிவு மூச்சில் கலக்கும்போது, ஒவ்வாமையுடைய குழந்தைகள் தும்மலும் இளைப்பும் உற்று வருந்துவர். ஆதலின், படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தலும், அறையில் ஈரம் தங்காது காத்தலும் நலம் தரும்.

இளைத்து வருந்தும் தோழனை எள்ளி நகையாடுதல் தகாது. அவன் துன்பத்தின் காரணத்தை நாடுதலே பிர்க்கே காட்டிய நெறியாகும்.