சோக்கிரதீசர் சரித்திரம்

மேனாட்டுத் தருக்க நூலைப் பயிலத் தொடங்கும் மாணாக்கர், மனிதர் யாவரும் இறக்குந் தன்மையர் என்னும் பொதுவிதியிலிருந்து ஒருவரது இறப்பை அநுமானிக்கும் எடுத்துக்காட்டிலே சோக்கிரதீசர் என்னும் பெயரைக் காண்பர். அவர் எவ்வாறு வாழ்ந்தார், எதன்பொருட்டு இறந்தார் என்பவற்றை அறிதலோ கற்பிக்குந் தொழிலினராகிய நமக்கு அதனினும் பெரும்பயன் தருவதாம். ஆதலின் அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

கிரேக்க தேசத்து அதேன்சு நகரத்திலே, ஏறக்குறையக் கி. மு. 470 ஆம் ஆண்டளவில் இவர் பிறந்தார். தந்தையார் கற்சிற்பர், தாயார் மருத்துவிச்சி. தாம் பிறருக்கு அறிவைப் புகுத்துவதில்லை என்றும், அவரவர் உள்ளத்திற் கருக்கொண்ட எண்ணம் வெளிப்படத் துணைபுரிந்து, அது உயிருள்ளதோ அன்றோ எனச் சோதிப்பதே தம் தொழில் என்றும், தாயாரது தொழிலையே உவமையாக்கி இவர் கூறினார் என்பர். இவர் கூலி பெற்றுக் கற்பித்தாரல்லர், நூலொன்றும் எழுதிற்றிலர். மாணாக்கராகிய பிளேற்றோவும் செனபோனும் எழுதியவற்றாலேயே இவரைப் பெரிதும் அறிகின்றோம்.

நண்பர் ஒருவர் தெல்பிக் கோயிலிலே, சோக்கிரதீசரினும் மிக்க ஞானி உளரோ என வினாவ, இலர் எனத் தெய்வவாக்குப் பிறந்தது. தமக்கு ஞானமில்லை என எண்ணியிருந்த இவர், அவ்வாக்கின் பொருளைக் காண விரும்பி, அரசியலார், புலவர், கைத்தொழிலாளர் ஆகியோரை அடுத்து வினாவினார். அவர்கள் அறியாதனவற்றையும் அறிந்தனவாக எண்ணியிருத்தல் கண்டு, தமது அறியாமையைத் தாம் அறிந்திருத்தலே தமக்குள்ள சிறப்பு எனத் துணிந்தார்.

இவர் வினாவும் முறைக்கு ஓர் உதாரணம் காட்டுதும். பிளேற்றோ இயற்றிய உரையாடலொன்றிலே, லாக்கீசு என்னும் படைத்தலைவரை நோக்கி, வீரமாவது யாது என இவர் கேட்கின்றார். தன் நிலையை விட்டோடாது நின்று பொருபவனே வீரன் என்றார் லாக்கீசு. ஓடிக்கொண்டே பொருஞ் சித்தியரும், பிளாற்றியாப் போரிலே பின்வாங்கிப் பின் திரும்பிப் பொருத ஸ்பார்த்தரும் வீரரல்லரோ என்று இவர் வினாவ, அவ்விலக்கணம் அவ்வியாத்திக் குற்றமுடையதாயிற்று. பின்னர், மனவுறுதியே வீரம் என்றார் அவர். அறிவில்லாதான் கொண்ட உறுதியும் வீரமாமோ என வினாவ, அது அதிவியாத்திக் குற்றமுடையதாயிற்று. முடிபொன்றுங் காணாமலே அவர்கள் பிரிகின்றனர்.

இதனாற் பயன் என்னை எனின், கூறுதும். கி. மு. 424 ஆம் ஆண்டிலே தேலியப் போரில் அதேன்சுப் படை முறிந்தபோது, சோக்கிரதீசர் சிறிதுங் கலங்காது பின்வாங்கியதை உடனிருந்து கண்டு வியந்தவர் இந்த லாக்கீசே. ஆயினும், நின்று பொருதலே வீரம் என்ற அவரது முதல் இலக்கணத்துள், அவர் கண்ணாற் கண்ட அவ்வீரம் அடங்கிற்றில்லை. நாம் சொல்லுஞ் சொல்லும் நாம் அறிந்த பொருளும் தம்முள் மாறுபடுதலைக் காட்டுவதே தருக்கத்தின் முதற்பயனாம்.

அநீதிக்கு உடன்படாமையிலும் இவர் உறுதியுடையர். கி. மு. 406 இல், கடற்போரில் வென்றும் கடலில் வீழ்ந்தோரை மீளாது விட்ட படைத்தலைவர்களை ஒருசேர விசாரித்துத் தண்டிக்கச் சனங்கள் ஆரவாரித்தபோது, அது சட்டத்துக்கு மாறென மறுத்து நின்றார். கி. மு. 404 இல் ஆட்சி கைக்கொண்ட முப்பதின்மர், குற்றமற்ற ஒருவரைக் கொலைக்குப் பிடித்துவர ஏவியபோது, அதனைச் செய்யாது தம் வீடு சேர்ந்தார்.

நகரத்துத் தெய்வங்களை ஏற்றிலர், புதியன புகுத்தினர், இளைஞரைக் கெடுத்தனர் என்று கி. மு. 399 இல் மூவர் இவர்மேல் வழக்குத் தொடுத்தனர். முப்பதின்மருள் ஒருவராகிய கிரிற்றியாசு முன்னர் இவரோடு பழகியதும், வினாவப்பட்டு நாணினோர் பகையும் இதற்குக் காரணமாயின என்பர். முப்பது வாக்குகள் மாறியிருப்பின் விடுதலை பெற்றிருப்பார். ஆயினும் மரணதண்டனை விதிக்கப்பட்டது.

சிறையிலே நண்பர் கிரிற்றோ வந்து தப்பிச்செல்லுமாறு வேண்டினார். ஊரார் பழிப்பர் என்றும், புதல்வர் திக்கற்றவராவர் என்றுங் கூறினார். உயிர்க்கு இடர் வந்த அக்காலத்தும் இவர் தம் முறையை விட்டிலர். உடற்பயிற்சி செய்வோன் பலர் சொல்லையும் கேளாது வைத்தியன் சொல்லையே கேட்டல்போல, நீதி அநீதிகளிலும் அறிந்தோர் கருத்தே கொள்ளத்தக்கது. தீமை செய்தாருக்குந் தீமை செய்தல் தகாது. எழுபதாண்டு எந்தச் சட்டங்களுக்கு இசைந்து வாழ்ந்தோமோ அவற்றை மீறுதல் தீமையாம். ஆதலால் தப்பிச்செல்லுதல் தகாது என முடித்தார். கிரிற்றோ மறுமொழி கூற அறியாராயினார். சோக்கிரதீசர் நஞ்சினை அமைதியோடு பருகி உயிர்நீத்தார்.

வினாவுதல் இருவகைத்து: பிறரை வெல்ல வினாவுதல் ஒன்று, உண்மை காண வினாவுதல் மற்றொன்று. அதேன்சு இளைஞர் சிலர் முன்னதைக் கைக்கொண்டு முதியோரை நாணச்செய்து இவருக்குப் பகை தேடினர். பின்னதே இவர் நெறி. மாணாக்கன் ஓர் இலக்கணத்தை நெட்டுருவாக ஒப்புவிப்பானாயின், அதனுள் அடங்க வேண்டியது ஏதும் புறத்தே நிற்கின்றதோ, அடங்கத் தகாதது ஏதும் உட்புகுந்ததோ என்று அவனையே ஆராயச் செய்க. அவன் நம்மை வினாவி, நாம் விடை அறியேமாயின், அறியேம் என்று சொல்ல நாணாதிருப்போமாக. அவனோடு கூடித் தேடுதலும் கற்பித்தலேயாம்.