பேச்சு வராதவர்களுக்கு அடிக்கல் நாட்டிய பேச்சாளர்

திருத்தணி என்றதும் எல்லோருக்கும் முருகன் கோவில்தான் நினைவுக்கு வரும். ஆண்டின் நாட்களைப்போல 365 படிகள் கொண்ட மலைக்கோவில் அது.

அந்த மலையின் அடிவாரத்து ஊரில் பிறந்த ஒருவர், தம் பேச்சினால் உலகப்புகழ் பெற்றார். பேச்சு வராதவர்களுக்குச் சிகிச்சை அளிக்க ஒரு பெரிய நிலையம் இந்தியாவில் எழுந்தபோது, அதற்கு அடிக்கல் நாட்டியவரும் அவரே.

அவர்தான் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ்

ராதாகிருஷ்ணன் 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி பிறந்தார். தந்தை பெயர் வீராசாமி. தாயார் சீதம்மா. தந்தைக்கு ஜமீனில் ஒரு சிறிய உத்தியோகம். வருமானம் குறைவு. வீட்டில் பிள்ளைகளோ அதிகம்.

வீட்டில் பேசியது தெலுங்கு. வெளியே வந்தால் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். எல்லைப்புறத்து ஊர் அல்லவா? ஆந்திராவில் இருந்த திருத்தணி, 1960-ம் ஆண்டில்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

இப்படிப்பட்ட ஊர்களில் பெற்றோருக்கு ஒரு சந்தேகம் வருவது உண்டு. இரண்டு பாஷைகள் காதில் விழுந்தால் குழந்தை குழம்பிப்போகுமோ, பேச்சு வரத் தாமதம் ஆகுமோ என்று பயப்படுவார்கள்.

அந்தப் பயம் தேவை இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தடைப்படுவது இல்லை. இதை ஆராய்ச்சியாளர்கள் தெளிவாகக் கண்டு இருக்கிறார்கள். இரு மொழிகளுக்கு நடுவே வளர்ந்த ராதாகிருஷ்ணன், பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில்தான் உலகத்தையே மயக்கினார்.

கூச்சம் மிகுந்த பையன்

சிறு வயதில் அவர் சுபாவத்தில் கூச்சம் மிகுந்தவர். புத்தகமே அவருக்குத் துணை. பின்னாளில் அவரே இதை எழுதி இருக்கிறார்.

திருத்தணியில் படிப்பைத் தொடங்கிய அவர், திருப்பதியில் ஒரு மிஷன் பள்ளியிலும், பிறகு வேலூரிலும் படித்தார். முடிவில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார்.

எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புது புத்தகம் வாங்கப் பணம் இல்லை. எனவே தத்துவமே அவருடைய பாடம் ஆயிற்று!

1909-ம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 20 தான்.

குதிரை இல்லாமல் ஓடிய வண்டி

1918-ம் ஆண்டு மைசூர் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். கடினமான தத்துவத்தையும் எளிதாக விளக்குவார். கையில் குறிப்பு இல்லாமலே பேசுவார்.

மாணவர்கள் அவரிடம் உயிரை வைத்து இருந்தனர். 1921-ம் ஆண்டு அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மலர்களால் அலங்கரித்த வண்டியில் அவரை உட்கார வைத்தார்கள். குதிரைக்குப் பதிலாக மாணவர்களே ரெயில் நிலையம் வரை அந்த வண்டியை இழுத்துச் சென்றார்கள்.

அதன்பின் அவர் புகழ் கடல் கடந்தது. 1936-ம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1949-ல் ரஷியாவுக்கு இந்தியத் தூதராகச் சென்றார். 1952-ல் உபஜனாதிபதி, 1962-ல் ஜனாதிபதி. இடையில் 1954-ல் பாரத ரத்னா பட்டம் கிடைத்தது.

மீண்டும் மைசூர்

மாணவர்கள் வண்டி இழுத்து வழியனுப்பிய 45 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே மைசூருக்கு அவர் ஜனாதிபதியாக வந்தார். அன்று 1966-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி. அவருக்கு வயது 77.

மத்திய அரசு அமைத்த அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிலையத்துக்கு அன்று அவர் அடிக்கல் நாட்டினார். மைசூரில் மானசகங்கோத்ரி பகுதியில் அந்த நிலையம் இருக்கிறது. அங்கே சிகிச்சையும் நடக்கிறது. சிகிச்சை அளிப்பவர்களுக்குப் படிப்பும் நடக்கிறது.

குழந்தைக்குப் பேச்சு வராவிட்டால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? நாக்கில் வசம்பைத் தேய்ப்பார்கள். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று சொல்லிக் காத்திருப்பார்கள். போன ஜென்மத்து வினை என்று அழுவோரும் உண்டு.

உண்மை வேறு. பல குழந்தைகளுக்கு நாக்கில் குறையே இருக்காது. காதுதான் கேட்காது. கேட்காத சொல்லை எப்படிச் சொல்ல முடியும்? சிலருக்கு மேல்வாய் பிளந்து இருக்கும். சிலருக்கு மூளை வளர்ச்சியில் தாமதம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்தால் வழி பிறக்கும்.

காது கேளாத குழந்தைக்கு முதலில் காதுக் கருவி பொருத்துவார்கள். தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்வார்கள். அதன்பின் பேச்சுப் பயிற்சி தொடங்கும். கண்ணாடி முன் உட்காரவைத்து உதடு அசைவதைக் காட்டுவார்கள். பொம்மையைக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். குழந்தைக்கு அது விளையாட்டாகவே இருக்கும்.

தாய்க்கும் அதில் பங்கு உண்டு. குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் பயிற்சி உண்டு

பக்கவாதம் வந்த சிலருக்குத் திடீர் என்று பேச்சு நின்றுவிடும். சொல்ல வேண்டியது மனதில் இருக்கும். சொல்தான் வராது. அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று வீட்டார் நினைத்துவிடக்கூடாது. விடாமல் பயிற்சி செய்தால் பலருக்கு இழந்த பேச்சில் ஒரு பகுதியாவது திரும்பும்.

திக்கிப் பேசுவோரும் பயிற்சியால் பயன் அடைகிறார்கள். அவர்களைக் கேலி செய்வதோ, முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்துவிடுவதோ தவறு. பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்பதே நாம் செய்யக்கூடிய உதவி.

ஆசிரியர் தினம்

1967-ம் ஆண்டு ராதாகிருஷ்ணன் பதவியில் இருந்து ஓய்வு பெற்றுச் சென்னைக்குத் திரும்பினார். 1975-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி தமது 86-வது வயதில் காலமானார்.

அவர் பிறந்த நாளை 1962-ம் ஆண்டு முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஒரே ஒரு சொல்லை நூறு முறை சொல்லிக்காட்டி, குழந்தை அதைத் திருப்பிச் சொல்லும் நாளுக்காகக் காத்திருக்கும் பேச்சுப் பயிற்சியாளரும் ஆசிரியர்தானே!

குழந்தைகள் சாதாரணமாக ஒரு வயதை ஒட்டி முதல் சொல்லைச் சொல்லும். இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும். அப்படிப் பேசாவிட்டாலும், சத்தம் கேட்டுத் திரும்பாவிட்டாலும் நாளைக் கடத்தக்கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். சின்ன வயதில் தொடங்கும் பயிற்சிக்கே பலன் அதிகம்.

மலையேறி முருகனிடம் வேண்டிக்கொள்ளும் தாய், வேண்டிக்கொள்ளட்டும். படி இறங்கியதும் குழந்தையின் காதைச் சோதிக்கவும் அழைத்துச் செல்லட்டும். அம்மா என்ற சொல்லைக் கேட்க அவள் வெகுகாலம் காத்திருக்க வேண்டியது இல்லை.