ஒற்றுமைத் தொண்டர் துன் சம்பந்தன்

ஜெலாப்பாங்கிற்கு வடக்கே, சுங்கை சிப்புட்டில் 1919-ஆம் ஆண்டு பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அன்னார், 1954-இல் பிறந்த ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவினார். 1955-இல் ம.இ.கா. தலைமையேற்று, மலாய், சீனத் தலைவர்களுடன் கூடிப் பேசி, 1957-இல் நாடு விடுதலை பெறத் துணை நின்றார்.

தோட்டத் துண்டாடலால் பாட்டாளிகள் வாழ்விழந்தபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமே தோட்டங்களை வாங்கியது.

1969 மே 13 கலவரம் இனங்களிடையே ஏற்படுத்திய புண்ணை ஆற்றும் அரும்பணி, 1972-இல் தேசிய ஒற்றுமை அமைச்சரான அவரை வந்தடைந்தது. பின்னர் ஒற்றுமை வாரியத் தலைவராகவும் அப்பணியைத் தொடர்ந்து, 1979-இல் மறைந்தார்.

தன்னினம் காப்பதும் பிற இனத்தாரை மதிப்பதும் முரணல்ல என வாழ்ந்து காட்டியவர் அவர். திருவிழாக் காண வரும் அண்டை வீட்டு மலாய், சீன அன்பர்களை முகமலர்ந்து வரவேற்பதே அன்னாருக்குச் செலுத்தும் நன்றிக்கடன்.