சொந்தப் பெயரையே ஏற்க மறுத்த மகாகவி!

உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டா சட்டுனு திரும்பிப் பார்ப்பீங்கதானே? ஜெர்மானியக் கவிஞர் ஹோல்டர்லின், அது தன் பேரே இல்லைனு மறுத்தவர்!

1770-ல் பிறந்தவர். 'ஹைபீரியன்' நாவலை எழுதியவர். 1806-ல் மனம் குலைந்துபோக, டியூபிங்கன் நகர மருத்துவமனையில் சேர்த்தாங்க. மறுவருஷமே, இனி குணமாகாது, அதிகபட்சம் 3 வருஷம்தான்னு டாக்டர் கைவிரிச்சுட்டார்.

அப்போ அடைக்கலம் கொடுத்தது யார் தெரியுமா? 'ஹைபீரியன்' படிச்சு ரசிகரான ஸிம்மர் என்ற தச்சர்! நெக்கார் ஆற்றங்கரையில் இருந்த தன் வீட்டின் கோபுர அறையில் அவரைக் குடிவெச்சார். பார்க்க வந்தவங்க கேட்டா கவிஞர் கவிதை எழுதித் தருவார். ஆனா, கையெழுத்து 'ஸ்கார்டனெல்லி'. தேதியோ பல நேரம் அவர் வாழாத காலம்!

'நான்' என்ற உணர்வே கலைஞ்சுபோறது, மனச்சிதைவு நோயின் அறிகுறிகளில் ஒண்ணு. இவருக்கும் அந்த நோய்தான்னு பின்னாள் மனநல மருத்துவர்கள் பலர் கருதினாங்க.

1838-ல் ஸிம்மர் இறந்தபிறகு, மகள் லாட்டே கவிஞரைப் பார்த்துக்கிட்டாங்க. 3 வருஷம் கெடு வைக்கப்பட்டவர், அந்த வீட்டுல 36 வருஷம் வாழ்ந்து 1843-ல் மறைந்தார்.

அன்னிக்கு இதுக்கு மருந்து இல்ல, இன்னிக்கு இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இப்படித் தன்னையே தொலைச்சுட்டுத் தவிச்சா, கிண்டல் பண்ணாதீங்க. மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அந்தத் தச்சர் மாதிரி கூடவும் இருங்க!