எண்ணெய்க்குக் காத்திருந்த மகாவித்வான்

சிட்னியில் காப்ரமட்டா கடைத்தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வியட்நாமியப் புத்தாண்டு நெருங்கினால் அந்த இடமே சிவப்பாகிவிடும். அப்படியொரு சனிக்கிழமை, தூரிகையால் வாழ்த்து எழுதிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கன்பூசிய நூல்களைக் கரைத்துக் குடித்துவிட்டுச் சோற்றுக்குத் திண்டாடும் படிப்பாளி அவர்கள் இலக்கியத்தில் நிரந்தரப் பாத்திரமாம். தூ ஸுவோங் (1870-1907) என்ற கவிஞரைச் சொன்னார். தேர்வு மேல் தேர்வு எழுதியும் கீழ்நிலைப் பட்டத்தைத் தாண்டாதவர். மனைவி வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்தத் தேர்வுமுறையே 1919-இல் முடிந்துபோயிற்று.

எனக்கு உடனே நினைவில் வந்தவர் திரிசிரபுரம் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

1815-இல் திருச்சிக்கு அருகே பிறந்தவர். தமிழாசிரியரான தந்தை சிதம்பரம் பிள்ளைதான் முதல் குரு. அவர் சீக்கிரமே காலமாகிவிட, சுவடி வைத்திருந்தவர் வாசலிலெல்லாம் நின்று படித்தார். தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் பிச்சைக்குப் போகும்போது பின்னாலேயே நடந்து பாடம் கேட்டாராம்.

நம் புலவருக்குத் தேர்வு இல்லை, அரங்கேற்றம் உண்டு. ஊரார் தலபுராணம் கேட்பார்கள். பிள்ளை சொல்லச்சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவார். முடிவில் சால்வையும் கொஞ்சம் பணமும் வரும். இப்படி இருபதுக்கு மேற்பட்ட புராணங்கள். (ஒன்றையாவது முழுதாகப் படிக்க முயன்றேன், ஐம்பது பாட்டுக்கு மேல் நகரவில்லை. குறை என்னுடையதாகவும் இருக்கலாம்.) வந்த பணம் வீட்டிலேயே தங்கிப் படித்த மாணவர்களின் சாப்பாட்டுக்குப் போயிற்று. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும், முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் நட்பும் இருந்தும் கடன் தீரவில்லை.

1871-இல் அவரிடம் வந்து சேர்ந்த பதினாறு வயதுப் பையன் உ.வே.சாமிநாதையர். ஒரு நாள் பிள்ளை எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய் வரவில்லை. கேட்டுப் பார்க்கிறார், அப்போதும் வரவில்லை. வாய் பாட்டுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பையனுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. கையிலிருந்த சில்லறையோடு நழுவிப்போய் எண்ணெய் வாங்கிச் சமையலறையில் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் திரும்பி வருகிறான்.

1876 பிப்ரவரி 1-ஆம் தேதி, திருவாசகம் வாசிக்கக் கேட்டபடி பிள்ளை கண்மூடினார். அந்தப் பையன் கிழவராகி, 1933-34-இல் குருவின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார்.

இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நானும் சம்பளமில்லாமல்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எண்ணெய்க் கதையைச் சொன்னபோது ஒரு சிறுமி கேட்டாள்: மாணவர்களிடம் அவர் ஏன் ஃபீஸ் வாங்கவில்லை? வாங்கியிருந்தால் சாமிநாதன் படித்திருக்கவே முடியாது, அவன் அப்பாவும் ஏழை என்றேன். அப்போ இரண்டு பேருமே ஏழையா என்று சிரித்தாள். ஆமாம் என்றேன்.