மின்கட்டணத்தைத் தானே கட்டிய ஜனாதிபதி

சார்ல் து கோல் என்பதை நாங்கள் முதலில் அறிந்தது விமான நிலையத்தின் பெயராகத்தான். அந்தப் பெயருக்குரிய மனிதரும் ஒருகாலத்தில் நாடுவிட்டுப் போனவர், மரண தண்டனை விதிக்கப்பட்டவர் என்பது எங்களில் பலருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

1890இல் லீல் நகரில் பிறந்தவர். சென்-சீர் இராணுவக் கல்லூரியில் படித்து அதிகாரியானார். 1916இல் வெர்தன் போர்முனையில் காயப்பட்டு ஜேர்மனியரிடம் பிடிபட்டார். ஐந்து தடவை தப்ப முயன்றார். ஒரு தடவையும் சரிவரவில்லை. அந்த உயரத்தோடு எங்கே ஒளிப்பது?

1940 யூன் 17இல், பிரான்ஸ் சரணடையப்போகிற நேரத்தில், லண்டனுக்குப் பறந்தார். மறுநாள் பிபிசி வானொலியில், போரை விடவேண்டாம் என்று தன் மக்களைக் கேட்டார். ஜெனரலாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. கையில் படையும் இல்லை, பணமும் இல்லை. ஓகஸ்டில் விஷி அரசின் இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களை ஈர்ப்பது அடுத்த விசயம். தன் இயக்கத்துக்குப் பிரித்தானியா கொடுத்த பணத்தை அவர் உதவியாக வாங்கவில்லை, திருப்பிக் கொடுக்கவேண்டிய கடனாகவே எழுதவைத்தார். போர் முடியுமுன்பே அது முழுதாக அடைக்கப்பட்டது. கணக்குக் கேட்டாலே துரோகி என்று பார்க்கும் சில சங்கங்களை லாச்சப்பலில் கண்ட எங்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியவில்லை.

1944 ஓகஸ்டில் விடுதலையான பாரிசுக்குள் நுழைந்தார். கட்சிகளோடு ஒத்துப்போகாமல் 1946இல் பதவியை விட்டவரை, அல்ஜீரியப் போர் 1958இல் மீண்டும் கொண்டுவந்தது. 1962இல் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. அதற்காக அவரைக் கொல்லவும் முயன்றார்கள்.

ஆனால் அவரை முழுதாகப் புகழ எங்களால் முடியாது. 1961 ஒக்டோபர் 17இல் இதே பாரிசில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் பொலிஸ் கொன்றது. உடல்கள் செய்ன் ஆற்றில் மிதந்தன. அப்போது ஜனாதிபதி அவர்தான். பிரான்சுக்காகப் போரிட்ட ஆர்க்கிகள் என்னும் அல்ஜீரிய முஸ்லிம்களில் பெரும்பாலானோரும் அங்கேயே கைவிடப்பட்டார்கள்.

சொந்தப் பணத்தில் மட்டும் கடைசிவரை நேர்மை. எலிசே மாளிகையில் தன் குடும்பம் பாவித்த மின்சாரத்துக்குத் தானே பணம் கட்டினார். 1969இல் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றதும் பதவி விலகினார். ஜனாதிபதிக்குரிய ஓய்வூதியத்தை வாங்கவில்லை. டவுண் குறைபாட்டோடு பிறந்த மகள் ஆன், 20 வயதில், 1948இல் இறந்திருந்தாள். 1970 நவம்பர் 9இல் கொலொம்பே கிராமத்து வீட்டில் அவரும் இறந்தபோது, அரச மரியாதை வேண்டாம், மகளுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யுங்கள், கல்லில் பெயரும் ஆண்டுகளும் போதும் என்று முன்பே எழுதிவைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.